வருஷத்துக்கு ஒரு எஃப்.சி.

நைனா,

எங்கள் ஸ்கேன் சென்டருக்குப் புது சி.டி. மிஷின் வந்துவிட்டது. உன்னைப் படம் பிடித்த பழையதைப் போன மாதம் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதியது தமிழ் பேசுகிறது. படம் எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லி இனி நான் மைக்கில் கத்த வேண்டியதில்லை. ஒரு பெண் குரலைப் பதிவு செய்து உள்ளேயே வைத்திருக்கிறார்கள். "மூச்சை உள்ளிழுக்கவும். மூச்சை நிறுத்தவும்" என்கிறாள் அவள். செய்தி வாசிக்கிற மாதிரி அவ்வளவு சுத்தமான தமிழ்.

இன்று காலை கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்து படுத்தார். குரல் வந்ததும் தலையைத் தூக்கி, "யாரும்மா அது உள்ள?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். படம் கலங்கிப் போயிற்று. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் தலையைத் தூக்கினார். கடைசியில் அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, பழையபடி மைக்கை எடுத்து, "பெரிப்பா, மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க" என்றேன். உடனே பிடித்துவிட்டார். அந்த 'ங்க' என் வாயிலிருந்து வந்ததும் உன் ஞாபகம் வந்தது. அதில் "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனேன். பாவம் மனிதர், நான் சொல்கிற வரைக்கும் முகம் சிவக்கப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பேச்சு வந்த நாளிலிருந்து உன்னை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். நம் பக்கத்தில் எந்தப் பெண் நைனாவை 'ங்க' போட்டுக் கூப்பிட்டாள்? ஆனால் நீ முதல் தடவை என் மிஷினில் படுத்த அன்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கை எடுத்ததும் வாய்ப் பழக்கத்தில் "மூச்ச இழுங்க" என்று வந்துவிட்டது. வெளியே வந்து அம்மாவிடம் நீ சொன்ன முதல் வார்த்தை உன் உடம்பைப் பற்றி இல்லை. "இன்னாமே, உன் பொண்ணு எனக்கு மரியாதை குடுத்தாமே. மைக்குல!" என்றாய். அம்மா அழுதுகொண்டிருந்தவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மைக்குக்காரி என்று பேராகிவிட்டது.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. நம் வேங்கிக்கால் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். அரசு பஸ் ஓட்டி ரிடையர் ஆகி, என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று நீ சொல்லிக்கொண்டிருந்த காலம். சாப்பாடு முடிந்து, ஃபேனுக்குக் கீழே வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, படித்த பேப்பரை வயிற்றின்மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தாய். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "உங்க நைனாவுக்குக் குடல் ஏறிக்கிச்சி. வயித்துல துடிக்குதாம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நாளைக்குக் காத்தால குடல் தட்டற அம்மா வர்றாங்க" என்றாள்.

நான் வாசற்படியிலிருந்து உன்னைப் பார்த்தேன். ஃபேன் காற்றில் பேப்பர் ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆடவில்லை, குதித்தது. ஒரே சீராகக் குதித்துக்கொண்டிருந்தது.

உன்னைக் கேட்காமல் பேப்பரை எடுத்துவிட்டுத் தொப்புளுக்கு மேலே கையை வைத்தேன். ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு வயிற்றில் நாடி துடிப்பது கையில் தட்டுப்படும், அது எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. இரண்டு கையையும் இரண்டு பக்கமாக வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் என் கைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. உள்ளே இருந்து ஏதோ ஒன்று அவற்றைத் தள்ளி வைத்தது.

நீ கண்ணைத் திறக்காமலேயே, "இன்னாடி, ஹாரன் அடிக்குதா?" என்றாய்.

"எத்தினி நாளா நைனா இது?"

"அது ஆவுது ரெண்டு மூணு மாசம். வலி கிலி ஒண்ணும் இல்ல. உள்ள ரெண்டாவது இன்ஜின் ஒண்ணு ஓடறாப்ல இருக்குது, அவ்ளோதான்."

"இவரு வயித்துல இனிமே யாரும் கை வெக்கக் கூடாது. அந்த அம்மாவ வர வேணாம்னு சொல்லு" என்று கத்தினேன்.

"நீ இப்ப வெச்சியே?" என்றாள் அம்மா.

நம் ஊரில் வயிற்றில் என்ன நடந்தாலும் குடல் ஏறிவிட்டது என்போம். விளக்கெண்ணெய் போட்டு நீவி, தட்டி, இறக்கிவிடுவார்கள். சின்ன வயதில் எனக்கே அந்த அம்மா எத்தனையோ முறை தட்டி அழுகையை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உனக்குத் துடித்தது குடல் இல்லை. இதயத்திலிருந்து மேலே கிளம்பி, கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே வயிறு வரைக்கும் இறங்குகிற பெரிய ரத்தக் குழாய் ஒன்று உண்டு. டாக்டர்கள் அயோர்ட்டா என்பார்கள், பள்ளிக்கூடப் புத்தகத்தில் பெருந்தமனி. அதன் சுவர் ஓரிடத்தில் தளர்ந்துபோனால், ரத்தம் அடித்து அடித்து அந்த இடம் புடைத்துக்கொண்டே போகும். வலி இருக்காது. ஒருநாள் வெடிக்கும். வெடித்த பிறகு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. அதன்மேல் எண்ணெய் போட்டு ஒருத்தர் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை சில்லிட்டுப் போகிறது.

மறுநாள் காலை எங்கள் டாக்டரம்மா உன் வயிற்றில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "சி.டி. ஆஞ்சியோ எடுத்துடலாம்மா" என்றார்கள். வீக்கம் இருப்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் அது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, சிறுநீரகத்துக்குப் போகிற கிளைகளைத் தொடுகிறதா, எங்காவது கசிவு உண்டா, இதெல்லாம் தெரியாமல் எந்த சர்ஜனும் கை வைக்க மாட்டார். அந்தப் படத்தில் ரத்தக் குழாய் பளிச்சென்று தெரிய ஏற்றுகிற மருந்தைக் கிட்னி தாங்குமா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம். தாங்கும் என்று வந்தது.

உன் முழங்கை மடிப்பில் நான்தான் ஊசி போட்டேன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கயிறு போலத் திரண்ட நரம்பு, தேட வேண்டிய வேலையே இல்லை. அதற்கப்புறம்தான் எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. ஊசி வழியாக மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சூடாகும். அடிவயிற்றில் அந்தச் சூடு இறங்கும்போது சிறுநீர் போய்விட்டது மாதிரியே தோன்றும். போயிருக்க மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனிதர்கள் வெட்கப்பட்டு அசைந்துவிடுவார்கள், படம் கெட்டுப்போகும். ஊரில் எல்லோருக்கும் கூசாமல் சொல்கிற இந்த வாக்கியத்தை உன்னிடம் சொல்ல நான் பட்ட பாடு!

"நைனா, மருந்து போவும்போது... ஒரு மாதிரி சூடா... ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். ஆனா போயிருக்க மாட்ட. ஆடாத."

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "போனாதான் இன்னா? நீ என் மடியில போனது கொஞ்சமா நஞ்சமா?" என்றாய். சிரித்துக்கொண்டே கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்துக்கொண்டாய்.

நைனா, அதற்கப்புறம் நடந்ததை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நீ உள்ளே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் இந்தப் பக்கம் திரையில் ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெருந்தமனியை ஓரிடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிகிற வட்டம். சாம்பல் நிறம். மருந்து அங்கே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். முன்னாலேயே படம் எடுத்தால் குழாய் வெறுமையாகத் தெரியும், பிந்தினால் மருந்து தாண்டிப் போயிருக்கும். நான் உன் கையில் செலுத்தியது நரம்பு வழியாக உன் இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குள் புகுந்து, சுற்றி, மறுபடியும் இதயத்துக்கு வந்து, பிறகுதான் பெருந்தமனிக்குள் கிளம்ப வேண்டும். தினமும் பார்க்கிற வேலைதான். ஆனால் அன்றைக்கு அந்தச் சாம்பல் வட்டம் மெல்ல வெளுத்து, பளீரென்று வெள்ளையானபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வழி கேட்காமல் வந்துவிட்டதே! பொத்தானை அழுத்தி, "மூச்ச இழுங்க, புடிங்க" என்றேன். மிஷின் உன்னைச் சுற்றி ஓடியது. மேசை நகர்ந்தது. ஒரு மூச்சுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் படத்தைக் கோக்கிற வேலை. முதலில் உன் முழு உடம்பும் எலும்போடு வந்து நின்றது. ரத்தக் குழாய் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் எலும்புகளை அழிக்க வேண்டும். மிஷினே பாதியை அழித்துவிடும், மிச்சத்தைக் கையால் அழிக்க வேண்டும். உன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன் நைனா. சின்னதில் நான் தொற்றிக்கொண்டு ஏறின தோள்பட்டையை அழித்தேன். முதுகெலும்பை அழித்தேன். எல்லாம் போனபிறகு, கறுப்புத் திரையின் நடுவில், எதிலும் சாயாமல், மிஷின் பூசின நிறத்தில் செக்கச்செவேலென்று உன் பெருந்தமனி மட்டும் தனியாக நின்றது. மேலே வளைவு, அதிலிருந்து கைகளுக்கும் தலைக்கும் போகிற கிளைகள், நடுவில் கிட்னிக்குப் பக்கத்துக்கு ஒன்று, கீழே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிற வழி. கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டிய இடத்தில் கைமுஷ்டி அளவுக்கு ஒரு புடைப்பு. வீக்கத்துக்குப் பயப்பட வேண்டியவள், பயத்தையும் மறந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன். இதிலிருந்துதான் நான் வந்தேன் என்று அதுவரை யாருடையதைப் பார்த்தும் எனக்குத் தோன்றியதில்லை.

டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, "லேட் பண்ணக் கூடாது, சென்னைக்குப் போயிடுங்க" என்றார்கள். நீ மாட்டேன் என்றாய்.

"வலிக்கவே இல்லியே. ஓடிக்கினு இருக்கிற வண்டிய எவன்னா ஷெட்டுல வுடுவானா?"

அதற்குள் தம்பி வந்துவிட்டான். ஆசிரமம் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிற பிழைப்பு, அன்றைக்குச் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். எனக்கு ஆதரவாக ஒரு ஆள் வந்தான் என்று நான் நினைத்தால், அவன் உன் பக்கம் சேர்ந்துகொண்டான். "நைனா சொல்றதும் கரெக்டுதானக்கா. வலியே இல்லாம எதுக்கு வயித்தக் கிழிக்கணும்?" என்றான். நான் படபடவென்று விளக்கினேன். வெடிக்கும் என்றேன். செத்துப்போவாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நீ வெற்றிலைபாக்குக் கடையைப் பார்க்கிற மாதிரி சாவதானமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னை இழக்கப்போகிறேன், அதுவும் நீ பிடித்த பிடிவாதத்தால் இழக்கப்போகிறேன் என்று எனக்கு அப்போதுதான் நிஜமாகவே உறைத்தது.

வேறு வழி தெரியாமல் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு உன்னை உள்ளே கூட்டிப்போய்த் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். எல்லோரும் படம் இருக்கிற உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களே தவிர, தன் படத்தைத் தானே பார்த்தவர்கள் எங்கள் சென்டரில் அதுவரை யாரும் இல்லை. நான் மௌஸைப் பிடித்து அதை மெல்லச் சுற்றிக் காட்டினேன். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம்.

பிறகு உன் கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது, சன்னிதியில் திரை விலகும்போது போட்டுக்கொள்வாயே, அப்படி. டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"இது நான் தூங்கறப்பவும் ஓடுதா?" என்றாய்.

"ஓடுது நைனா."

"லீவே கிடையாதா?"

"கிடையாது."

"நா ரிடையர் ஆயி வூட்ல குந்திக்கினேன். இது மட்டும் டூட்டி பாத்துக்கினு இருக்குது பாரேன்" என்றாய். அப்புறம் திரைக்குக் கிட்டே குனிந்து, விரலால் தொடாமல், அந்தப் புடைப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய். "இது டயர் புடைப்பு" என்றாய்.

நானும் டாக்டரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"உள்ள நூலு அறுந்து போச்சின்னா டயரு சைடுல இப்படித்தான் புடைக்கும். காத்து இருக்கும், வண்டி ஓடும், ஒண்ணும் தெரியாது. எங்கயோ ஒரு எடத்துல படார்னு போவும். இப்படி ஒரு டயர வெச்சிக்கினு நான் வண்டிய எடுக்கவே மாட்டேன்."

எடுக்காமல் நின்றவன்தானே நீ. ஒரு பௌர்ணமிக்கு, கிரிவலம் முடித்து ஊர் திரும்புகிற ஜனம் முழுக்க வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, பின் டயரில் புடைப்பைப் பார்த்துவிட்டு இறங்கி நின்றுகொண்டாயாம். டயரை மாற்றுகிற வரைக்கும் ஜனம் உன்னைத் திட்டாத திட்டில்லை என்று எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். இப்போது அதே ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எப்பப் போவணும்?" என்று கேட்டாய். நான் மணிக்கணக்கில் பேசியும் ஆகாததை அந்தப் படம் செய்துவிட்டது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் உன் வயிற்றைக் கிழிக்கவே இல்லை. உன் படத்தைப் பார்த்து அளவெடுத்து, தொடையிடுக்கில் சின்னதாகத் திறந்து, மடித்து வைத்த ஒரு துணிக் குழாயை ரத்தக் குழாய்க்குள்ளேயே மேலே கொண்டுபோய், புடைப்புக்குள் விரித்துவிட்டார்கள். துணியைச் சுற்றி மெல்லிய கம்பி வளைவுகள், அது மூடிக்கொள்ளாமல் நிற்பதற்காக. ரத்தம் இனிமேல் அந்தக் குழாய்க்குள் ஓடும், புடைத்த சுவரின்மேல் அடிக்காது. சர்ஜன் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். நீ கேட்டுவிட்டு, "டயருக்குள்ள புது ட்யூபு. சரி சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அவர் அசந்துபோனார்.

கிளம்பும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை சி.டி. ஆஞ்சியோ எடுத்து, குழாய் நகராமல் இருக்கிறதா, ஓரத்தில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, இது குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் சிகரெட் பிடிக்கிற மகன் கட்டாயம் பார்க்க வேண்டும். தம்பி உடனே பையைத் தூக்கிக்கொண்டு வேனைத் திருப்புகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

முதல் விஷயத்தை நீ கச்சிதமாகப் பிடித்துக்கொண்டாய். பஸ்ஸை வருஷா வருஷம் பிரேக், டயர், லைட் எல்லாம் சரிபார்த்து, ஓட்டத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்குவது உனக்குப் பழகின சங்கதி. அதனால் இதற்கும் எஃப்.சி. என்றே பேர் வைத்துவிட்டாய். அந்த நாள் வந்தால் விடியற்காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துகொள்வாய். காத்திருக்கிறவர்கள், "உங்களுக்கு இன்னா பெருசு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, எஃப்.சி.க்கு வந்திருக்கேன்" என்பாய். சிலர் இது ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லை என்று உனக்கு வழிகூடச் சொன்னார்கள்.

ஒவ்வொரு வருஷமும் படத்தைப் பார்க்காமல் நீ வீட்டுக்குப் போனதில்லை. நானும் ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியப்படாமல் இருந்ததில்லை. புடைப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. கைமுஷ்டி அளவு இருந்தது எலுமிச்சம்பழ அளவுக்கு இறங்கியது. தன்மேல் விழுந்துகொண்டிருந்த அடி நின்றது என்று அந்தச் சுவருக்கு யார் சொன்னார்கள்? "பாத்தியா, உள்ள எவனோ நல்ல டிரைவரு" என்றாய் ஒரு தடவை. எனக்கு அதைவிட நன்றாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது விஷயம்தான் நடக்கவில்லை. தம்பியிடம் நான் கேட்டேன், அம்மா கேட்டாள், நீ கேட்டாய். "எனக்குத் தொப்பையே இல்ல, எனக்கு எதுக்கு?" என்பான். "சீசன் முடியட்டும்" என்பான். திருவண்ணாமலையில் சீசன் எப்போது முடிந்தது? அவனுக்குப் பயம், நைனா. சென்னை ஆஸ்பத்திரியில் உன்னை டியூபும் ஒயருமாகப் பார்த்த அன்று அவன் மாடிப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பார்த்தேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் நான் அவன் வயிற்றையே பார்ப்பேன். அவன் சட்டென்று ஒருக்களித்துப் படுத்துக்கொள்வான்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது பெருந்தமனி இல்லை. பீடி தின்ற நுரையீரல். ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சைப் படம் எடுத்தபோது வயிற்றின் மேல்பகுதியும் கொஞ்சம் விழுந்திருந்தது. நுரையீரலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அந்தக் கம்பி வளைவுகளைத்தான் பார்த்தேன். வைத்த இடத்தில் வைத்தபடி நின்றிருந்தன. நீ மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, தம்பியின் கையைப் பிடித்து, "எஃப்.சி... காட்டுடா" என்றாய். அவன் தலையை ஆட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன மறுநாள் காடாத்து. சாம்பலில் பால் தெளித்து எலும்பு பொறுக்கப் போன தம்பி, பானையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டான். வேட்டி முனையில் எதையோ முடிந்து வைத்திருந்தான். "அக்கா, இது எலும்போட கிடந்திச்சி. சுடுகாட்ல இருந்தவங்களுக்கும் இன்னான்னு தெரில. வளையலும் இல்ல, கட்டில் கம்பியும் இல்ல" என்று அவிழ்த்துக் காட்டினான்.

கறுத்துப்போன மெல்லிய கம்பி வளைவுகள். ஏற்ற இறக்கமாக, கோலத்தில் போடுகிற நெளி மாதிரி. துணி எரிந்துவிட்டது. நீ எரிந்துவிட்டாய். இது எரியவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடாகவே வருஷா வருஷம் பார்த்ததை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். கனமே இல்லை. "இதாண்டா நைனாவோட ட்யூபு. இதான் இத்தினி வருஷமா அவர புடிச்சி வெச்சிக்கினு இருந்திச்சி" என்றேன்.

"இவ்ளோ மெல்லிசாவா?" என்றான். அங்கேயே வாசலில் குந்திக்கொண்டான். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா வெளியே வந்து என்னவென்று கேட்டாள், சொன்னோம். அவள் தொடவில்லை. "அவரு கூட இருந்தது, அவரு கூடவே போவட்டும்" என்றாள். தென்பெண்ணையில் உன்னைக் கரைத்தபோது அதையும் தம்பிதான் தண்ணீரில் விட்டான். திரும்பி வரும்போது வேனை அவன்தான் ஓட்டினான். போளூர் ரோடு வந்ததும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, எனக்கு ஒரு நாள் சொல்லு, வர்றேன்" என்றான்.

அந்த நாள் இன்றைக்கு வந்தது, நைனா. கருமாதிக்கு எடுத்த மொட்டையில் முடி இப்போதுதான் முளைத்திருக்கிறது. டாக்டரம்மா முதலில் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். வயிறு முழுக்க வாயு, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. உனக்கு இருந்ததை நினைத்து, சந்தேகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், சி.டி. ஆஞ்சியோவே எடுத்துவிடலாம் என்றார்கள். அவன் மேசையில் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சூடு வரும் என்று சொன்னேன், கேட்டானா என்றே தெரியவில்லை. இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். சாம்பல் வட்டம் வெளுக்கும் வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினேன்.

எலும்புகள் போயின. கறுப்புத் திரையில் முதலில் வந்தது உன்னுடையதுதான். எப்போதும் அப்படித்தான் ஆகிறது எனக்கு. யாருடைய படம் எழுந்து வந்தாலும் ஒரு கணம் நீ வந்து நிற்பாய், செக்கச்செவேலென்று, அந்தப் புடைப்போடு. நீ விலகிய பிறகுதான் அவர்களுடையது எனக்குத் தெரியும். இன்றைக்கு நீ சீக்கிரம் விலகவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

வளைவிலிருந்து இறங்கி, நேராக, ஒரே பருமனில், கால்களுக்குப் பிரிகிற இடம்வரை போயிற்று. சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தேன். டாக்டரம்மா வந்து மேலிருந்து கீழாக அளந்து பார்த்துவிட்டு, என் தோளில் கையை வைத்து, "நார்மல்" என்றார்கள். இத்தனை வருஷம் இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எவ்வளவோ விசித்திரங்களைப் பார்த்துவிட்டேன். எதையும் இன்று பார்த்ததைப் போல வாய் பிளந்து பார்த்ததில்லை. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, நைனா.

தம்பி பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப் போயிற்று.

"இன்னாக்கா? எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்லடா."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அழுவுற?"

அவன் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிட்டேன். பதிலை உனக்குச் சொல்கிறேன். உன் வயிற்றில் கை வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் ஏறி உட்கார்ந்த பயம் இன்றைக்கு இறங்கிவிட்டது, நைனா. நீ மட்டும் இறங்கவில்லை. இறங்க வேண்டாம்.